112 படங்களும் காய்ந்துவிட்டன

எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 112 படங்களும் காய்ந்துவிட்டன. பிள்ளைகள் வரைந்த அத்தனையும் இப்போது பள்ளியின் பந்தலில் தொங்குகின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

நேற்று இரவு விழா முடிந்து வீட்டுக்கு வந்தேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பள்ளி சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். இது என் கடிதம். பி பிளாக் இரண்டாம் மாடிப் பாட்டி தமிழ் மட்டும்தான் வாசிப்பார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்குள் புகுந்த அதே வெள்ளத் தண்ணீர்தான் உங்கள் கார்கள் நின்ற இடத்திலும் ஏறியது. ஆனால் அன்றைக்கு நான் ஏன் ஈரக் காகிதக் கட்டுகளோடு உங்கள் வீட்டு வாசல்களில் வந்து நின்றேன் என்பது சிலருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓவியம் சொல்லிக்கொடுப்பது ஹைலண்ட் பார்க்கில் இருக்கும் ஒரு யூதப் பள்ளியில். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் ஒரு பாதி நாள், எபிரேயமும் தோரா என்கிற வேதமும் இன்னொரு பாதி நாள் என்று நடக்கும் பள்ளி. வியாழக்கிழமை மாலை யோம் கிப்பூர் விரதம் முடிந்தது. அது முடிந்தால் நாலே நாளில் சுக்கோத். தமிழ் வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று வருமே, அதுதான். எகிப்திலிருந்து புறப்பட்டு 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்து, ஏழு நாள் வெட்டவெளியில் பந்தல் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தலுக்குச் சுக்கா என்று பெயர். கூரை மண்ணில் முளைத்த பொருளாக இருக்க வேண்டும். இலை, தழை, மூங்கில், சோளத்தட்டை எதுவானாலும் சரி. வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், ஆனால் ராத்திரியில் இடுக்கு வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும். அதன் உள்ளே தொங்கவிடத்தான் பிள்ளைகள் மூன்று வாரமாக வரைந்தார்கள். கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்று வேதத்தில் சொன்ன ஏழு விளைபொருள்களும் அந்தப் படங்களில் இருந்தன. திங்கட்கிழமை காலை பிளாஸ்டிக் உறை போடுவதற்காக எல்லாம் ஒரே அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. அந்த அடித்தட்டுதான் முதலில் மூழ்கியது.

நான் பார்த்தபோது வெள்ளி மாலை. சூரியன் மறைந்தால் ஷபாத் என்கிற ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன் பிறகு சனிக்கிழமை இரவு வரை என் சக ஆசிரியர்கள் கார் ஓட்ட மாட்டார்கள், விளக்கு போட மாட்டார்கள், எழுத மாட்டார்கள். தனக்காக வேலை செய்யச் சொல்லி அந்த நாளில் வேறு மதத்தவரை ஏவுவதும் அவர்களுக்குக் கூடாது. அதனால் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் அள்ளிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக் கூடத்தில் இருபது படம் பரப்புவதற்குள் தரை தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். அப்புறம் நடந்ததை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

முதலில் வந்தது பாட்டி.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மகள் பிரசவத்துக்காக வந்திருக்கிறார். அதுவரை லிஃப்ட்டில் பார்த்துச் சிரித்ததைத் தவிர எனக்கு அவரோடு பழக்கமில்லை. கையில் ஒரு துணி மூட்டை. உள்ளே வந்து தரையில் கிடந்த படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃபேனை நேரா வைக்காதீங்கம்மா, சுருண்டுக்கும்" என்றார். ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மூட்டையைப் பிரித்தார். ஆறு பழைய நூல்புடவைகள், துவைத்துத் துவைத்து மல்லிப்பூ மாதிரி மெத்தென்று ஆனவை. ஒன்றை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் ஒரு படத்தை வைத்து, புடவையின் மறுபாதியைப் போர்த்தி, உள்ளங்கையால் ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றினார். நான் காகிதத் துண்டால் துடைத்து நாலு படத்தின் நிறத்தைக் கெடுத்து வைத்திருந்தேன். அவர் கை பட்ட படம் ஒன்றுகூட இழுபடவில்லை.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "மாடியில கூழ் வத்தல் போட்ட கைம்மா" என்றார். நடு ராத்திரியில் ஒரு படம் துணியோடு ஒட்டிக்கொண்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பதறவில்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், ஒரு நிமிஷம் விட்டார், ஓரத்திலிருந்து உரித்தார். வேட்டியிலிருந்து வத்தல் உரிவது மாதிரியே உரிந்து வந்தது. முக்கால் ஈரம் போனதும் இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி, மேலே இருபது பவுண்ட் பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னார். காகிதம் நெளியாமல் இருந்ததன் ரகசியம் அதுதான் என்று நேற்று பள்ளியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஆனால் நான் அவருக்கு நன்றி சொல்ல வந்தது இதற்காக மட்டும் இல்லை.

பத்து மணி வாக்கில் நான் படங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். தேறுவது ஒரு பக்கம், தேறாதது கதவோரம் ஒரு கறுப்புப் பையில். பதினேழு படங்கள் அந்தப் பையில் போய்விட்டன. அதில் ஒன்று கிண்டர்கார்டன் பிள்ளை ஒருவன் வரைந்தது. பந்தலின் கூரை வழியாகத் தெரியும் இரவு வானம். நட்சத்திரங்கள் எல்லாம் கரைந்து போய், தாள் முழுக்க நீலம் மட்டும்தான் மிச்சம். பாட்டி எழுந்து போய் அந்தப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "பாட்டி, அதெல்லாம் வீணாப் போச்சு" என்றேன். "அத வரைஞ்ச புள்ளைக்கு அது வீணுன்னு யாரு சொல்றது, நீங்களா?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அந்த நீலத் தாளை அவர் ஒற்றிய விதத்தை என்னால் மறக்க முடியாது. நல்ல படங்களுக்குக் கொடுத்த அதே பொறுமை. அதே மடிப்பு. பின்பக்கம் பென்சிலில் இருந்த பெயரைக் காட்டி, "அழியாம இருக்கு பாருங்க" என்றார். எபிரேய எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அது பெயர் என்று தெரிந்திருக்கிறது. காலை நாலு மணி வரை இருந்து ஒவ்வொரு தாளையும் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் போனார்.

நடுவில் ஒரு படத்தைத் தூக்கி, "இது கிளியா, மயிலா?" என்று கேட்டார். அத்திமரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பறவை. கிளிதான், எபிரேயத்தில் துக்கி என்பார்கள் என்றேன். சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு துக்கிகளையும் கொண்டுவந்ததாக வேதத்தில் வருகிறது. அங்கே அது மயில் என்பதுதான் பெரும்பாலும் சொல்லும் பொருள். அந்தச் சொல் நம் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்து அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள் என்றதும் பாட்டியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப நம்ம ஊருப் பட்சி" என்று அதைத் தனியாக, காற்று நன்றாகப் படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர் மகள் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். அந்த ஆறு புடவைகளும் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஊரிலிருந்து கொண்டுவந்தவையாம். தூளி கட்டவும், பச்சைப்பிள்ளையைச் சுற்றிப் பிடிக்கவும் பழைய நூல்புடவை மாதிரி வேறெதுவும் வராது என்று சேர்த்துவைத்து எடுத்துவந்திருக்கிறார். அதைத்தான் யோசிக்காமல் பிரித்து என் கூடத்தில் விரித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன்.

உங்களில் மற்ற யாரையும் நான் மறக்கவில்லை. வீட்டுக் கூடத்தையும் சாப்பாட்டு மேஜையையும் ஒழித்துக் கொடுத்த ஏழு குடும்பங்கள், டேபிள் ஃபேன்களைத் தூக்கி வந்த பையன்கள், ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாருக்கும் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்த அக்கா, ஞாயிறு காலையில் தன் வண்டியில் மூங்கில் ஏற்றிக்கொண்டு வந்து பந்தல் கால் நட்டுக் கொடுத்த அண்ணன்கள், தன் தேர்வை விட்டுவிட்டு எண்களை எழுதி 112-ஐயும் சரிபார்த்த ஏ பிளாக் தங்கை. பந்தக்கால் நடும்போது, "கூரையை மட்டும் நாங்களே போடுகிறோம், அது எங்கள் கடமை" என்று பள்ளிப் பெற்றோர்கள் சொன்னதும், நீங்கள் சிரித்த முகத்தோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதை அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து ஷபாத் முடிந்ததும் என் ஃபோன் அடித்த அடி கொஞ்சநஞ்சமல்ல. படங்களின் புகைப்படத்தை அனுப்பினேன். எங்கள் கிண்டர்கார்டன் ஆசிரியையிடமிருந்து பதிலே வரவில்லை. அழுதுகொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்.

நேற்றைய விழாவுக்கு வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாட்டி முறுக்கு சுட்டு எடுத்துவர ஆசைப்பட்டார். கோஷர் என்கிற யூத உணவு விதிப்படி வெளிச் சமையல் பள்ளிக்குள் வரக்கூடாது, முழுப் பழமாக இருந்தால் பரவாயில்லை என்று சொன்னேன். ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் தானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிய பன்னிரண்டு மாதுளம்பழங்களோடு வந்தார். மாதுளையில் 613 முத்துகள், வேதத்தின் கட்டளைகளும் 613 என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்கள். பழத்தைப் பார்த்ததும் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. பண்டிகைக்குக் கையில் பிடிக்கும் எத்ரோக் பழத்தை ஒரு சிறுமி காட்டினாள். "நார்த்தங்காய் மாதிரியே இருக்கே" என்று பாட்டி தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் ஏதோ விளக்க, இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள்.

அந்த நீலத் தாளையும் தொங்கவிட்டிருந்தோம். அதை வரைந்தவன் பந்தலுக்குள் ஓடி வந்தான், தலையைத் தூக்கினான், "என் வானம்!" என்று கத்தினான். நட்சத்திரம் எங்கே என்று அவன் அம்மா கேட்டார். அவன் கூரை இடுக்கைக் காட்டினான். நான் பாட்டியைப் பார்த்தேன். அவர் வேறு ஏதோ குழந்தைக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டவர் பெயர் எழுதிய தாள் கிழிந்தாலும் குப்பையில் போட மாட்டார்கள். கெனீசா என்று ஒரு பெட்டியில் சேர்த்துவைத்து, பிறகு மண்ணில் அடக்கம் செய்வார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிச் சேர்ந்த தாள்கள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் 1896-97-ல் அங்கே போய் அவற்றை மூட்டை மூட்டையாகக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்கு வந்து மிளகு வாங்கிய யூத வணிகர்களின் கடிதங்கள்கூட அதில் இருந்தன. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான்கு வருஷமாகப் படம் போட்டுக் காட்டுகிறேன். காட்டிவிட்டு, அதே பிள்ளைகளின் படங்களைக் கறுப்புப் பையில் போட்டிருக்கிறேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். இனி எந்தப் பிள்ளையின் படத்தையும் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் கழிக்க மாட்டேன். அடித்தட்டிலும் வைக்க மாட்டேன். இதை உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

பாட்டி, உங்கள் புடவைகளைக் கையால் துவைத்து நிழலில் காயவைத்திருக்கிறேன். ஐந்து பளிச்சென்று வந்துவிட்டன. ஆறாவதில், அந்த மாம்பழ மஞ்சளில், அந்தப் பையனின் நீலம் ஓர் உள்ளங்கை அளவு போகவே இல்லை. மூன்று முறை ஊறவைத்தும் பார்த்துவிட்டேன். நாளை சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். குழந்தைக்குப் புதுத் துணி நான் வாங்கித் தர நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

அப்புறம், ஒரு பச்சை டேபிள் ஃபேன், இரண்டு வெள்ளை ஃபேன், ஒரு பெரிய இட்லிப் பானை என் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி போட்டு வைக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
சி பிளாக் ஓவிய டீச்சர்