மேற்குக் கரை வடிகால் வாய்க்காலை அடைக்கக் கோரும் நான்காவது மனு

பெறுநர்
ஈரநிலப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: சதுப்பு நிலத்தின் நீரை வடித்துவரும் மேற்குக் கரை வாய்க்காலைக் கோடைக்கு முன் அடைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. தங்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. பழைய பாலத்தைத் தாண்டியதும் ஜீப்பை நிறுத்திவிட்டு, கரைமேட்டில் நின்றபடி தாங்கள் பார்வையிட்ட அதே சதுப்புதான். அன்று தங்கள் காலடிக்குக் கீழே தண்ணீர் கசிந்தது. இன்று அங்கே புழுதி பறக்கிறது. இதன் தொடர்பில் கீழ்க்காணும் விவரங்களைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. வாய்க்கால் வெட்டப்பட்ட பிறகு சதுப்பின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் தாழ்ந்தே கிடக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பும் நீரும் சில நாட்களிலேயே வடிந்துவிடுகிறது.

2. இது வெறும் சேறு அல்ல, பீட் மண். நீரில் மூழ்கிய இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் செத்த புல்லும் இலையும் முழுதாக மக்குவதில்லை, அடுக்கடுக்காகப் படிகின்றன. படிவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் ஆண்டுக்குக் குறையாத கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் இங்கே துளையிட்டு மண் எடுத்தபோது, அந்த அரைக்குழாய்க் கருவியின் மறுமுனையைப் பிடித்து நின்றவன் நான். மேலே பழுப்பு நார், அதன் கீழே மை போன்ற கருப்பு, நடுவே விரல் அகலத்தில் சாம்பல் நிற மணல் பட்டை, அதற்கும் கீழே மறுபடி கருப்பு. அந்தக் கருப்பில் ஒரு புல்லின் கணு அப்படியே இருந்தது. நகத்தால் தொட்டதும் பிரிந்தது.

இத்தகைய அடுக்குகளில் மகரந்தத் தூள் கெடாமல் கிடக்கும். அதை அடுக்கு வாரியாக எண்ணி, எந்தக் காலத்தில் எந்த மரம் செழித்தது, எப்போது குளிர், எப்போது வெப்பம் என்று படிக்கலாம் என 1916-இல் ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் காட்டினார். நம் நீலகிரியின் பீட் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகளை) அளந்து 1993-இல் வெளியான ஆய்வு, 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி நிலவியதையும், பின்னர் ஈரம் கூடி ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் உச்சம் தொட்டதையும் சொல்கிறது. பருவமழை எப்படி வந்தது, எப்படிப் பொய்த்தது என்பதற்கு எழுத்தே இல்லாத காலத்தின் ஏடு இது. அந்த ஏட்டின் மேல் தாள்கள்தான் இப்போது காற்றில் பறக்கின்றன.

3. எங்களை மிகவும் வதைப்பது நிலம் உள்வாங்குவதுதான். நீர் வடிந்ததும் ஆக்சிஜன் உள்ளே புகுகிறது. ஆயிரம் ஆண்டு மக்காதது ஒரே கோடையில் மக்கத் தொடங்குகிறது. மண்ணிலிருந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் கீழே கெட்டித் தரை வரை ஓர் இரும்புக் கம்பியை அடித்து, மேல்முனையைத் தரைக்குச் சமமாக விட்டிருந்தோம். முதல் கோடையில் நான்கு விரற்கடை வெளியே தெரிந்தது. இப்போது ஒரு சாண் நிற்கிறது. கம்பி வளரவில்லை ஐயா, பூமி இறங்குகிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில் 1850-களின் தொடக்கத்தில் இதேபோல் தரைமட்டத்துக்கு நடப்பட்ட தூண் இன்று ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம் நிற்கிறது. அங்கே போனது திரும்பவில்லை.

கரையோர வீட்டுச் சுவர்களில் கைவிரல் நுழையும் வெடிப்பு. நடைபாதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மழை நாளில் முதியவர்கள் அதில் கால் வைக்க அஞ்சுகிறார்கள். காய்ந்த மண்ணைக் கையில் அள்ளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. முற்றிலும் காய்ந்துவிட்டால் இந்த மண் எளிதில் நீரை மறுபடி ஏற்காது. அதனால்தான் ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். போன கோடையில் அடியில் தீப்பிடித்தது. சுடர் இல்லை, கண்ணுக்குத் தெரிவது புகை மட்டும். மேலே ஊற்றிய நீரெல்லாம் பயனில்லை. இரவெல்லாம் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு. அப்போதும் மனு கொடுத்தோம். இரண்டாவது மனு அதுதான். தாங்கள் படித்தீர்களா?

4. “சதுப்பு மீத்தேன் விடுமே, வடிந்தால் நல்லதுதானே” என்று அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் வராத அந்தப் பதிலுக்கும் பதில் தருகிறோம். புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனைச் சதுப்பு விடுவது உண்மை. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் உலகம் திடீரென வெப்பமானபோது ஈரநிலங்கள் விரிந்து காற்றில் மீத்தேன் கூடியதைப் பனிப்பாறைகளில் சிக்கிய பழங்காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. ஆனால் மீத்தேன் காற்றில் தங்குவது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு. வடித்த பீட் நிலம் விடும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். வடிகால் வாய்க்காலும் மீத்தேன் விடும். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரம் செடிகளிலும் இருப்பதைவிட அதிகமான கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதைத் திறந்துவிட்டுக்கொண்டு காலநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் நடத்துவதை எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை.

5. அடையுங்கள் ஐயா. அவ்வளவுதான் கேட்கிறோம்.

பெரிய திட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். வாய்க்காலின் குறுக்கே மூன்று இடங்களில் பலகையும் அதே ஈர மண்ணும் கொண்டு தடுப்பு போட்டால் நீர் தேங்கும். பீட் நிலங்களை மீட்கும் பல நாடுகள் செய்வது இதைத்தான். உடலுழைப்புக்கு நாங்கள் வருகிறோம். வாய்க்கால் அரசுக்கு உரியது என்பதால் தங்கள் எழுத்து அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் போட முடியாத நிலையில் இருக்கிறோம்.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். புகையில் விழித்திருந்த இரவுகளின் கசப்பு அது. மீண்டும் ஒருமுறை தாங்கள் நேரில் வந்து, அந்தக் கம்பியைத் தங்கள் கையாலேயே அளந்து பார்த்து, கோடை தொடங்குமுன் வாய்க்காலை அடைக்க உத்தரவிடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சதுப்புக் கரையில் குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், கம்பி அளவுக் குறிப்பு.