ரயிலை ஓட்டுவது கணினி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு பதிப்பில் மாதிரி ரயில் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நம் பத்திரிகைகளில் இந்த விஷயம் தலைகாட்டுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதை எனக்கு வாசித்துக் காட்டிய என் பேத்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தாத்தா, இதுல எழுதியிருக்கிறபடி பார்த்தா நம்ம வீட்டு ரயில் ஓடவே கூடாதே" என்றாள். டிஜிட்டல் ரயில் வைக்கப் பல ஆயிரம் வெள்ளி வேண்டுமாம், ஆகவே இது பணக்காரர் விளையாட்டாம். அப்புறம், முதல் வேலையாக நல்ல கணினி ஒன்றை வாங்கி அதில் மென்பொருளை ஏற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டுமாம். முதலாவது பாதித் தவறு. இரண்டாவது முழுத் தவறு. அதை நம்பித் தொடங்குகிறவர் மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி ஸ்டோரில் போட்டுவிடுவார்.

நான் பகாவ்காரன், வயது 68. ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. செம்பனை ஆலையில் 31 வருடம் வயர்மேனாக இருந்தேன். எங்கள் ஆலையில் பழக்குலைகளை இரும்புக் கூண்டில் கொட்டி, கூண்டைத் தண்டவாளத்தில் தள்ளித்தான் ஆவியில் வேக வைப்பார்கள். ஆக, எஞ்சின் இல்லாத ரயிலோடுதான் என் உத்தியோகம் முழுதும். அப்பா நிஜ ரயில்காரர், எங்கள் ஊர் ஸ்டேஷனில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக்கரைப் பாதை அது. 1931இல் முழுதாக முடிந்தது. பத்து வருடம் கழித்து வந்த ஜப்பான்காரன் அதில் பெரும்பகுதியைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனான், தண்டவாளத்தோடு நம் ஆட்களையும். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஓய்வு பெற்றபின் பின்னறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டை எல் வடிவத்தில் போட்டு ரயில் அமைத்தேன். 16.5 மில்லிமீட்டர் பாதை, 87இல் ஒரு பங்கு அளவு. கணக்குப் போட்டால் அது வெள்ளைக்காரன் நாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்குத்தான் பொருந்தும். நம் மீட்டர் பாதைக்கு பதினொன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அந்த அளவில் சாமான் தேடிப் போனால் உண்மையிலேயே பணக்காரனாக இருக்க வேண்டும் என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் யாரும் இதுவரை ஸ்கேல் வைத்து அளக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய முறையில் ஒரு பெட்டியின் குமிழைத் திருகி, தண்டவாளத்தில் மின்அழுத்தத்தை 0இலிருந்து 12 வோல்ட் வரை ஏற்றுவோம். பாதையில் நிற்கும் எஞ்சின் எல்லாம் சேர்ந்து கிளம்பும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் போட வேண்டும். டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் நிற்கும். அதன் திசை மட்டும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும். ஒரு முறை மாறித் திரும்புவதன் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவிநாடி நீடித்தால் 1, நூறும் அதற்கு மேலும் நீடித்தால் 0. அந்த 1, 0 வரிசைதான் கட்டளை. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்னச் சில்லு தன் எண் கூப்பிடப்பட்டால் மட்டும் காது கொடுக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டதால், ஒரு கம்பெனி டிகோடர் இன்னொரு கம்பெனி கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும்.

இதில் கணினி எங்கே வந்தது? வரவே இல்லை. ரயிலை ஓட்டுவது கட்டுப்பாட்டுப் பெட்டியும் டிகோடரும்தான். கணினியை எடுத்துவிட்டாலும் ரயில் ஓடும். வயரிங் கெட்டிருந்தால் எந்தக் கணினி வந்தாலும் ஓடாது.

வயரிங் என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டை மின்சாரம் கடத்த நம்பாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆறே மாதத்தில் அது கறுத்துப்போகும். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்கில் பயன்படுத்தும் 2.5 வயர் இரண்டைப் பாதை நெடுகிலும் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்றை அதற்கு இறக்கிப் பற்றவைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். பெட்டியிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு 20 காசை வையுங்கள். பெட்டி உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த இடத்தில் ஷார்ட் நேரும் நாளில் எஞ்சினின் வயிறு உருகும். என் பாதையில் முதல் தடவை நான்கு இடங்களில் டிரிப் ஆகவில்லை. 31 வருட வயர்மேன்! யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

செலவைப் பற்றி என் கணக்கு நோட்டில் இருப்பது இது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பதில் ஆர்டுயினோ மெகா என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, அதன் மேல் செருகித் தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் மோட்டார் ஷீல்ட் ஒன்று, இரண்டும் சேர்ந்து 110 வெள்ளி. அதில் ஏற்றும் டிசிசி-இஎக்ஸ் என்ற நிரல் இலவசம். மடிக்கணினி என் மருமகன் தூக்கிப்போட இருந்தது, மூடியின் கீல் உடைந்தது, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதில் ஓடும், மாதிரி ரயிலுக்கென்றே எழுதிய ஜேஎம்ஆர்ஐ மென்பொருளும் இலவசம். ஜாவாவில் எழுதியது என்பதால் விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் சரி. பணம் தின்பது எஞ்சினும் டிகோடரும்தான். பழைய எஞ்சின் மூன்று, டிகோடர் மூன்று, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு சொச்சம், அதுவும் இரண்டு வருடத்தில். எங்கள் தாமானில் மீன் தொட்டிக்கு இதைவிட அதிகம் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கணினியை நான் சேர்த்தது பாதை ஓடத் தொடங்கி எட்டு மாதம் கழித்து. சேர்த்த அன்றே ஒரு கூத்து. புது டிகோடர் எல்லாமே 3 என்ற எண்ணோடுதான் வரும். எண்ணை மாற்ற, தனியாக ஒரு துண்டுப் பாதையில் ஒரே ஒரு எஞ்சினை வைத்து எழுத வேண்டும். ஷீல்டில் ஓட்டத்துக்கு ஒரு வாய், எழுதுவதற்கு ஒரு வாய் இருக்கிறது. நான் இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டேன். ஒரு எஞ்சினுக்கு 12 என்று எழுதினேன், பாதையில் நின்ற மூன்றுமே 12 ஆகிவிட்டன. கைப்பேசியில் வேகத்தைக் கூட்டியதும் மூன்றும் மூன்று பக்கம் பாய்ந்தன. ஒன்று பலகையில் நிற்கும் அட்டை ஆலைக்குள் புகுந்து அதன் புகைப்போக்கியைச் சாய்த்தது.

அந்த எண் விவகாரத்தில்தான் கணினிக்கு உண்மையான வேலை இருக்கிறது. நம் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் 24ஆம் வகை டீசல் எஞ்சின்களுக்கு ஐந்து இலக்க எண். என் ஒரு எஞ்சினுக்கு நீலம் அடித்து 24112 என்று எழுதியிருக்கிறேன். டிகோடருக்கு அவ்வளவு பெரிய எண் கொள்ளாது, அதனால் 4112. நான்கு இலக்கம் வைக்க டிகோடரின் நினைவகத்தில் 17, 18 என்ற இரண்டு அறைகளில் எழுத வேண்டும், அதோடு 29ஆம் அறையில் 6 இருந்தால் 32ஐக் கூட்டி 38 ஆக்க வேண்டும். கையால் செய்தால் தலைவலி. ஜேஎம்ஆர்ஐ ஒரு கட்டத்தில் எண்ணைக் கேட்டு மற்றதைத் தானே கணக்குப் போட்டு எழுதிவிடும். எந்த எஞ்சினுக்கு என்ன எழுதினோம் என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளும். என் வயதுக்கு அதுவே பெரிய உபகாரம்.

இன்னொரு வேலையும் உண்டு, இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

அப்பா வேலை பார்த்த கிழக்குக்கரைப் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிராக இரண்டு ரயில் ஒரே பகுதிக்குள் போய்விடாமல் இருக்க டோக்கன் முறை இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வோர் இயந்திரம், மின்கம்பியால் பிணைத்தது. ஒன்றிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடப்படும் வரை இரண்டு இயந்திரமும் பூட்டிக்கொள்ளும். டோக்கனைப் பிரம்பு வளையத்தில் மாட்டி அப்பா பிளாட்பாரத்தில் நின்று தூக்கிப் பிடிப்பார், டிரைவர் கையை விட்டு வாங்கிக்கொண்டே போவார். சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011இல் அதை மூடும் வரை இப்படித்தான் நடந்தது. வளையம் கைமாறியதும் வீட்டுக்கு ஓட எனக்கு அவசரமாக இருக்கும். அப்பா மட்டும் கடைசிப் பெட்டி தாண்டும் வரை நகர மாட்டார்.

என் பலகையிலும் இரண்டு ஸ்டேஷன், நடுவில் ஒற்றைத் தடம். நடுப்பகுதியைப் பிளாஸ்டிக் இணைப்பால் தனியாகப் பிரித்து, மின்னோட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சுற்றை வைத்தேன். முதலில் அகச்சிவப்பு உணரி வைத்துப் பார்த்தேன், மாலை நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் அது இல்லாத ரயிலைப் பார்க்க ஆரம்பித்தது. டிசிசியில் நின்றுகொண்டிருக்கும் எஞ்சினும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும், அதனால் மின்னோட்டச் சுற்றே மேல். விதியைப் பேத்தி எழுதினாள். படிவம் இரண்டில் படிக்கிறாள், ஜேஎம்ஆர்ஐக்குள் பைத்தானில் எழுதலாம் என்பதை எனக்குச் சொன்னதே அவள்தான். நடுப்பகுதி காலி, டோக்கன் யாரிடமும் இல்லை, இரண்டும் உண்மையென்றால் கேட்கும் ரயிலுக்குப் பச்சை. இல்லையென்றால் எஞ்சினுக்கு நில் என்ற கட்டளை போகும். சிக்னலைச் சிவப்பாக்கினால் மட்டும் ரயில் நிற்காது, கட்டளையும் போக வேண்டும்.

இரண்டு வாரம் அருமையாக ஓடியது. ஒரு நாள் எண்ணெய் டேங்கர் ரயிலின் கொக்கி நடுவழியில் கழன்றது. எஞ்சின் மட்டும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டு டேங்கர் நடுவில் நின்றன. வேகன் மின்சாரம் குடிக்காது அல்லவா, பகுதி காலி என்று கணினி டோக்கனைத் திரும்ப வாங்கி எதிர் ரயிலுக்குக் கொடுத்துவிட்டது. மோதியது. பேத்தி தன் நிரலை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அப்போதுதான் அப்பா கடைசிப் பெட்டி வரை நின்றது ஞாபகம் வந்தது. அவர் பார்த்தது வால் விளக்கை. கடைசிப் பெட்டியின் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுதாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்வார். எங்கள் கணினிக்கு வால் விளக்கு தெரியாது. மறுநாள் ஒவ்வொரு ரயிலின் கடைசி வேகன் அச்சிலும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டினேன். ஒன்றரை மில்லிஆம்பியர் போதும், சுற்று கண்டுபிடித்துவிடும். ஒன்று பத்துக் காசுகூட இல்லை.

அதற்கப்புறம் மின்தடை வந்த ஒரு நாளில் இன்னொரு ஓட்டையும் அடைத்தோம். திரும்ப உயிர் வந்ததும் ஜேஎம்ஆர்ஐ ஒவ்வொரு உணரியையும் "தெரியாது" என்ற நிலையில்தான் தொடங்கும். எங்கள் விதியில் தெரியாது என்பதற்கு இடமே இல்லை. இப்போது தெரியாது என்றாலும் சிவப்பு.

ஆகவே கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை எழுதும்போது வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். முதலில் வயர், பிறகு டிகோடர், கடைசியில் கணினி, அதுவும் வீட்டில் தூங்கும் பழைய மடிக்கணினியே போதும். பகாவ் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வரட்டும். வரும்போது ஒரு 20 காசு எடுத்து வரட்டும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்