ஆளில்லாத நகரமும் லியனார்டோவின் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தவர் கனவு கண்ட இலட்சிய நகரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், இப்படி ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் உள்ள ‘இலட்சிய நகரம்’ என்ற பலகை ஓவியத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதன் அழகை வியப்பதோடு கட்டுரை நின்றுவிட்டது எனக்குக் குறையாகவே பட்டது.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓவியத்தைத் தீட்டியவர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா என்று கட்டுரையாளர் உறுதியாக எழுதியிருக்கிறார். பியரோவின் பெயரோடு லூசியானோ லௌரானா, பிரான்செஸ்கோ டி ஜியோர்ஜியோ மார்தினி ஆகியோரின் பெயர்களும் அறிஞர்களால் சொல்லப்பட்டு வந்துள்ளனவே தவிர, யாருடைய கை அது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

நடுவில் வட்ட வடிவக் கட்டடம், இருபுறமும் மாளிகைகள், சதுரம் சதுரமாகப் பாவிய தரை, அதன் கோடுகளெல்லாம் உள்நோக்கிச் சென்று ஒரு புள்ளியில் கூடும் ஒழுங்கு என எல்லாம் அந்த ஓவியத்தில் உண்டு. மனிதர்தான் ஒருவரும் இல்லை. ஓவிய வகுப்பில் நாங்கள் பர்ஸ்பெக்டிவ் என்று சொல்லும் இந்த முறையை 1435இல் எழுத்தில் வகுத்துத் தந்த இத்தாலியக் கட்டடக்கலை அறிஞர் ஆல்பெர்ட்டி, படத்தில் வரப்போகும் மனிதனின் உயரத்தை முதலில் முடிவு செய்து, அதை ஏறத்தாழ நம் முழத்தைப் போன்ற ஒரு கை அளவால் மூன்றாகப் பகுத்து, அந்த அளவைக் கொண்டே தரையின் சதுரங்களைப் போடச் சொல்கிறார். அளவுகோலாக நின்ற அந்த மனிதனையே படத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்களே என்று இந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன லியனார்டோ டா வின்சியிடம்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். 1484-85இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியதை அருகிலிருந்து பார்த்த அவர், ஆடுகளைப்போல் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கியடித்துக் கிடந்து நாற்றத்தையும் சாவையும் பரப்பும் மக்கள்திரளைப் பிரித்து, 5,000 வீடுகளும் 30,000 பேரும் கொண்ட பத்து நகரங்களில் குடியேற்றலாம் என்று குறித்து வைத்தார். தெருவின் அகலம் வீடுகளின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஓடும் நீர் கழிவை அடித்துச் செல்லும்படி நகரம் ஆற்றையோ கடலையோ ஒட்டி அமைய வேண்டும். படிக்கட்டுகள் வட்டமாகச் சுழன்று ஏற வேண்டும், ஏனெனில் சதுரப் படிக்கட்டு என்றால் மூலையில் அசுத்தம் செய்துவிடுகிறார்கள். மோனாலிசாவைத் தீட்டிய கை இதையும் எழுதியது என்பதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு நகரம் எங்கே நாறத் தொடங்குகிறது என்று தெரிந்தவரால்தான் இப்படி எழுத முடியும். அதே திட்டத்தில் மேல்தட்டுத் தெருக்களைக் கனவான்களுக்கு ஒதுக்கி, வண்டிகளையும் சுமைகளையும் எளிய மக்களையும் கீழ்த்தட்டுக்கு அனுப்பினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

திட்டங்கள் தாளோடு நின்றுவிட்டன என்ற கட்டுரையின் கூற்றும் முழுமையானதன்று. 1459 முதல் போப் இரண்டாம் பயஸ் தாம் பிறந்த கோர்சிஞானோ என்ற சிற்றூரைக் கட்டடக் கலைஞர் ரொசெல்லினோவைக் கொண்டு மாற்றிக் கட்டி, பியென்சா என்று தம் பெயரையே அதற்குச் சூட்டினார். அது ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஊர். இதற்கு மாறாக, 1593இல் வெனிஸ் குடியரசு வெற்று நிலத்தில் எழுப்பிய பல்மனோவா, ஒன்பது முனை நட்சத்திரமாக மதில்களும் நடுவில் அறுகோணச் சதுக்கமும் கொண்டு, வடிவ கணிதத்தில் ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. ஆனால் எல்லைக் காவலுக்கென்று எழுந்த அந்தக் கோட்டை நகரில் குடியேற யாரும் முன்வரவில்லை. கடைசியில் 1622இல் கைதிகளுக்கு மன்னிப்பும் மனைகளும் கொடுத்து அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

இப்பொருளில் தொடர்ச்சி வெளியிடும் எண்ணம் இருந்தால், உர்பினோ ஓவியத்தின் கீழ் உள்ள பெயரைத் திருத்துவதோடு, லியனார்டோவின் இரண்டடுக்குத் தெருக்கள் வரையப்பட்ட குறிப்பேட்டுப் பக்கத்தையும் அதனருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பேடு பாரிஸில் பிரான்ஸ் நிறுவனம் (Institut de France) என்ற அறிஞர் கழகத்தின் நூலகத்தில் உள்ளது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.