தனிக்கட்டையாம், நோயாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க காமெடியன்களைப் பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடரில் சென்ற இதழில் பாப் ஸ்மித்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் அவர் பெயரை அச்சில் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அது கடைசிப் பத்தி வரைதான் தாங்கியது. "கடைசிவரை தனிக்கட்டையாகவே வாழ்ந்த ஸ்மித், நோய்வாய்ப்பட்டு 2018-ல் மறைந்தார்." அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. கீழே முழங்கால் தைல விளம்பரம்.

என்ன நோய்? மேலே தன்பாலீர்ப்பாளர் என்று எழுதிவிட்டுக் கீழே வெறுமனே 'நோய்' என்று விட்டால் படிக்கிறவன் எதை நினைப்பான் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. இத்தனை வருடம் பத்திரிகை நடத்துகிறவர். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் இதழை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டதே அதைத்தான்: "எய்ட்ஸா சார்?" இல்லை. அப்படியே இருந்தாலும் அதை எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை, அது வேறு. அவருக்கு வந்தது ஏ.எல்.எஸ். ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த அதே நோய். மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவிடும். பேசியே பிழைத்த மனிதருக்குப் பேச்சு குழறி, பிறகு நின்றே போயிற்று. அப்புறமும் விடவில்லை, ஐபேடில் ஒற்றைக் கையால் தட்டித் தட்டிக் கடைசிப் புத்தகத்தை முடித்தார். 2016-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. சாகும்போது வயது 59. இத்தனையும் உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு 'வாய்ப்பட்டு'வில் அடங்கிவிட்டது.

அடுத்தது தனிக்கட்டை. மைக்கேல் ஸாம் என்ற எழுத்தாளர் அவருடைய இணையர். கனடாவின் பெண் காமெடியன் எல்விரா கர்ட்டும் அவர் இணையரும் வளர்த்த இரண்டு குழந்தைகளுக்கு ஸ்மித்தான் தந்தை. ஒளித்து வைத்த விஷயம் ஒன்றுமில்லை, அவரே எழுதியிருக்கிறார். துணைவர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு மேல் தாம்பாளத் தட்டும் நாதஸ்வரமும் இருந்தால்தான் குடும்பஸ்தன் என்று ஒத்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். தொண்ணூறுகளில் நான் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அங்கே மேடையில் தன்பாலீர்ப்பாளர்கள் எப்படி வருவார்கள்? அடிவாங்கும் ஆளாக வருவார்கள். எண்பதுகளின் பெரிய நட்சத்திரமான எடி மர்ஃபி அவர்களையும் எய்ட்ஸையும் வைத்து அரங்கத்தையே அதிர வைத்தவர்; 1996-ல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் காலத்தில்தான், 1988-ல், ஸ்மித் ஜாஃபி கோஹன், டேனி மெக்வில்லியம்ஸ் இருவரோடும் சேர்ந்து 'ஃபன்னி கே மேல்ஸ்' என்று ஒரு காமெடிக் குழு தொடங்கினார். பெயரிலேயே மூவரும் யார் என்பதைச் சொல்லிவிட்டார்கள். 1994-ல் ஜே லெனோ நடத்திய இரவு நேர டி.வி. நிகழ்ச்சியான 'டுநைட் ஷோ'வில் ஏறினார். அந்த மேடையில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நின்ற முதல் காமெடியன் அவர்தான். அதே வருடம் ஹெச்.பி.ஓ. டி.வி.யிலும் அரை மணி நேரம் கொடுத்தார்கள். காமெடி நட்சத்திரம் எலன் டிஜெனரஸ் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வாய் திறந்தது இதற்குப் பிறகு, 1997-ல். உங்கள் கட்டுரையில் 'டுநைட் ஷோ' படத்துக்குக் கீழே அரை வரியாகக் கிடக்கிறது.

அவருடைய ஜோக் ஒன்றையாவது சொன்னீர்களா? காமெடியனைப் பற்றிய முக்கால் பக்கத்தில் சிரிக்க ஒரு வரி இல்லை. நான் சொல்கிறேன். அவர் அப்பா போலீஸ்காரர், ஊர் பஃபலோ. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். தேங்க்ஸ்கிவிங் விருந்து. குடும்பமே மேஜையைச் சுற்றி. பையன் விஷயத்தை உடைக்க நினைக்கிறான். "அம்மா, அந்தக் கிரேவியை இந்தத் தன்பாலீர்ப்பாளன் பக்கம் கொஞ்சம் தள்ளேன்" என்கிறான். அம்மா எடுத்து அப்பாவிடம் நீட்டுகிறாள்.

சாதாரண எழுத்தாளன் என்றால் அம்மா மயங்கி விழுந்தாள் என்று முடித்திருப்பான். இவர் கிண்ணத்தை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார். யாரையும் திட்டவில்லை. இனி அந்த மேஜையில் யார் யாரை முறைப்பது?

எங்கள் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் இருந்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இந்த ஜோக்கைத் தான் எங்கோ கேட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் சிரித்தேன். இரண்டு பேர் எழுந்து காபி எடுக்கப் போனார்கள். மறுவாரம் அவர் தன் நண்பரின் புகைப்படத்தை மேஜையில் வைத்தார். அந்த மனிதர் உங்கள் கட்டுரையைப் படிக்க முடியாதது உங்கள் அதிர்ஷ்டம்.

"பிழைப்புக்காக டி.வி.க்கும் எழுதிக் கொடுத்தார்" என்று வேறு ஓர் இளக்காரம். 'மேட் டி.வி.' என்ற காமெடி நிகழ்ச்சிக்கு எழுதினார், ஆமாம். வாராவாரம் இன்னொருத்தர் வாயில் உட்காருகிற மாதிரி எழுதுவது சும்மாவா? சிரிப்பு வந்தால் நடிகனுக்கு, வராவிட்டால் எழுதியவனுக்கு. எனக்கு இது தெரியும். ஊர் திரும்பிய பிறகு நான் எழுதிய ஒரு துணுக்கை ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் தன் மனைவி காலையில் சொன்னதாகவே சொல்லிக் கைதட்டு வாங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன், வேறென்ன செய்ய? அந்தத் துணுக்கு உங்கள் இதழில் வந்ததுதான். அதிலும் என் பெயர் இல்லை. 'ஒரு வாசகர்' என்று இருந்தது. அதற்கான சன்மானம் இன்னும் வழியில் இருப்பதாக நம்புகிறேன்.

பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் உங்கள் சிரிப்புப் பக்கத்தில் இடுப்பை வளைத்து நடக்கும் ஓர் ஆணைப் படம் போட்டு, 'அவர் ஒரு மாதிரி' என்று எழுதியிருந்தீர்கள். ஜோக்கே அவ்வளவுதான். கண்டித்து நான் இரண்டு பக்கம் எழுதினேன். நீங்கள் மிகுந்த அன்போடு அதில் முதல் வாக்கியத்தை மட்டும் வெளியிட்டீர்கள்: "சிரிப்புப் பக்கத்தைப் பார்த்தேன்." ஊரில் எல்லாரும் நான் பாராட்டியதாக நினைத்து விசாரித்தார்கள். அப்போது விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவருக்கு இன்றைக்கு ஸ்மித்தைப் பற்றி எழுதினால் அவர் தனியாக இருந்து நோயில் செத்ததாகத்தான் முடிக்க வரும். உங்கள் கட்டுரையாளரை மட்டும் நொந்து பயனில்லை.

அவர் எழுதிய முதல் கட்டுரைத் தொகுப்புக்கு, தன்பாலீர்ப்பாளர் இலக்கியத்துக்குத் தரும் லாம்ப்டா விருது கிடைத்தது, பிறகு நாவல்களும் எழுதினார் என்பதையெல்லாம் சேர்த்திருக்கலாம். இடமில்லை என்பீர்கள். தைலத்துக்கு இருந்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் ஒரு திருத்தம், இரண்டே வரி: ஸ்மித் ஏ.எல்.எஸ். நோயால் இறந்தார், அவருக்கு இணையரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. குறுக்கெழுத்து விடைக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அந்தத் தொடர் வரும் பக்கத்திலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவது தங்கள் உரிமை. வெட்டினால், தயவுசெய்து "சந்தோஷமாக இருந்தது" என்ற இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெயரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போடும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

இப்படிக்கு,
'ஒரு வாசகர்',
மன்னார்குடி

பி.கு.: வீடு மாறிவிட்டேன் என்று தெரிவித்த பிறகும் சந்தா இதழ் பழைய விலாசத்துக்கே போகிறது. அங்கே குடியிருப்பவர் படித்துவிட்டுத்தான் தருகிறார். குறுக்கெழுத்தையும் நிரப்பிவிடுகிறார்.