இரவு ஒன்பது மணிக்கு என்ன வேகம்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

ராத்திரியானால் அவளுடைய வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறது என்று எழுதியிருந்தாய். இப்போதுள்ள 100 எம்பிபிஎஸ் இணையத் திட்டத்தை விட்டு 300க்கு மாறலாமா, இல்லை மாடி வீட்டுக்காரரும் நீயும் சேர்ந்து ஒரே இணைப்பாக எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். நெரிசல் எந்த இடத்தில் என்று தெரிவதற்கு முன் ஒரு காசுகூட அதிகம் கட்டாதே. அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும்.

முதலில் அளந்து பார். வைஃபையை மறந்துவிட்டு, ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு நேராகக் கேபிள் போடு. வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டு. விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஒரு தடவை, இப்படி மூன்று நாள். டவுன்லோடு, அப்லோடு, பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) மூன்றையும் ஒரு தாளில் குறித்து வை. டெஸ்ட் தானாகவே உன் இணைய நிறுவனத்தின் சர்வரைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். அது நிறுவனத்தின் வாசல்வரை உள்ள வேகத்தைத்தான் சொல்லும். அதனால் வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்றையும் தேர்ந்தெடுத்து ஓட்டு. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம், கிளவுட்ஃபிளேரின் டெஸ்ட் இரண்டையும் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கிளவுட்ஃபிளேர் டெஸ்டில் இணைப்பு முழுக்க நிரம்பியிருக்கும்போது பிங் எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரியும். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த எண்தான்.

எண்களைப் படிக்கும்போது ஒன்று. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்குப் போவது போகக் கையில் கிடைப்பது 11.8 அளவுக்குத்தான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

கேபிளில் எப்போது பார்த்தாலும் 94இலேயே நின்றால் மட்டும் கவனி. 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் (கேபிள் செருகும் துளையின்) உச்சம் அது. நிற்பதற்குக் காரணம் போர்ட் என்றால், 300 வாங்கினாலும் 94தான் வரும். ரவுட்டரின் போர்ட்டே பழையதாக இருக்கலாம். ஆனால் பல நேரம் குற்றவாளி கேபிள்தான். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். கேபிள் நுனியில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்: நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே தங்கியிருந்தால் உலோக முள் அதைத் தொட்டிருக்காது. இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பிளக்கை வெட்டிவிட்டுப் புதியதை இறுக்கிப் பொருத்தினால் (கிரிம்ப் செய்தால்) சரியாகிவிடும்.

இனி பங்கு விஷயம். ஃபைபர் என்றதும் நிறுவனத்திலிருந்து உன் வீட்டுக்கென்று தனி வழி வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், நிறுவனத்தின் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளாகப் பிரிகிறது. அந்த ஒரு போர்ட்டின் கொள்ளளவு இறக்கத்துக்கு, அதாவது டவுன்லோடுக்கு, 2.488 ஜிபிபிஎஸ் (2488 எம்பிபிஎஸ்), ஏற்றத்துக்கு, அதாவது அப்லோடுக்கு, 1.244. அத்தனை வீடும் இதைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. 64 வீட்டுக்கும் 300 விற்றால் 19.2 ஜிபிபிஎஸ் விற்றாகிவிட்டது. இருப்பதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. இப்படி விற்பது தவறில்லை. எல்லா வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. ஒருவர் படம் பார்க்கும்போது இன்னொருவர் செய்தி படிப்பார். ஒருவேளை எல்லோரும் ஒன்றாகவே இழுத்தால் ஆளுக்கு 37 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் தேறும். எக்ஸ்ஜிஎஸ் பான் என்ற புதிய முறை வந்த இடங்களில் இரு பக்கமும் 10 ஜிபிபிஎஸ் அளவு என்பதால் இந்தக் கவலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கோஆக்சியல் கேபிள் (தொலைக்காட்சிக் கேபிள்) வழி வரும் இணைப்பிலும் இதே கதைதான். ஏற்றப் பங்கு இன்னும் சிறியது.

ஆனால் ராத்திரி நெரிசல் ஸ்ப்ளிட்டரில் வருவதைவிட, அந்தப் பகுதியின் எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து வெளியே போகும் பின்வழியிலும், பிற நிறுவனங்களோடு சேரும் இடத்திலும் வருவதுதான் அதிகம். அங்கே நெரிந்தால் திட்டத்தை மாற்றி என்ன பயன்? காலை ஆறுக்கு 95, இரவு ஒன்பதுக்கு 30 என்று மூன்று நாளும் வந்தால், 300 வாங்கினாலும் அந்த 30க்குப் பக்கத்தில்தான் நிற்பாய். அப்போது செய்ய வேண்டியது, குறித்து வைத்த தாளோடு புகார் கொடுப்பது. கேபிளில் எடுத்த எண், தேதி, நேரம் மூன்றும் இருந்தால் "உங்கள் வைஃபையில்தான் கோளாறு" என்று சொல்லி அனுப்ப முடியாது.

அழைப்பு திணறுவதற்கு வா. வீடியோ அழைப்புக்குத் தேவை போக 4, வர 4 எம்பிபிஎஸ்; அதற்கு மேல் இல்லை. 100இல் அது திணறினால் வேகப் பற்றாக்குறை காரணமாக இருப்பது அபூர்வம். அவள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, வைஃபையிலேயே, மடிக்கணினியில் இரண்டு கட்டளைச் சாளரம் (கமாண்ட் பிராம்ப்ட்) திற. ஒன்றில் ரவுட்டருக்கு விடாமல் பிங் போடு. முகவரி அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்றில் 1.1.1.1க்கு; அது வெளி இணையத்தில் இருக்கும் கிளவுட்ஃபிளேரின் முகவரி. அழைப்பு திணறும் நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ரவுட்டருக்குப் போகும் பிங் 2 முதல் 5 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். அதுவே 80, 200 என்று துள்ளினால் கோளாறு உன் வைஃபையில். அது அசையாமல் இருந்து 1.1.1.1 மட்டும் துள்ளினால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால். அப்பால் என்றால் மற்றக் கருவிகளையெல்லாம் அணைத்துப் பார். அணைத்ததும் அடங்கினால் உன் வீட்டுப் போக்குவரத்துதான் காரணம். அடங்காவிட்டால் நிறுவனத்தின் பக்கம்.

என் ஊகம், உன் வீட்டில் ஏற்றம் நிரம்புகிறது. எல்லோரும் வீடு திரும்பி, போன்கள் சார்ஜில் ஏறியதும் அன்றைய படங்களும் வீடியோக்களும் தாமாகவே மேலே ஏற ஆரம்பிக்கும். உன் திட்டத்தில் ஏற்றம் 10 எம்பிபிஎஸ் என்று எழுதியிருக்கிறாய். ரவுட்டரில் 1 மெகாபைட் தாங்கும் வரிசை இருப்பதாக வை. அது 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ஸில் வெளியேற 0.8 நொடி. உன் மகளின் குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, ஒவ்வொரு சொல்லும் முக்கால் நொடிக்கு மேல் தாமதமாகப் போகிறது. இதற்குத்தான் பஃபர்புளோட் என்று பெயர். டவுன்லோடு டெஸ்ட் 95 காட்டிக்கொண்டே இருக்கும், அழைப்பு மட்டும் செத்துக் கிடக்கும். இறக்கம் 300 ஆகி ஏற்றம் அதே 10ஆக இருக்கும் திட்டத்துக்கு மாறினால் இது துளிகூடக் குறையாது.

மருந்து இரண்டு. எளியது, போன்களின் பேக்கப்பை நடுராத்திரிக்குத் தள்ளிவைப்பது. நிலையானது, எஸ்க்யூஎம் (வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) உள்ள ரவுட்டர். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் இது கிடைக்கும். எஃப்க்யூ கோடெல் அல்லது கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, கேபிளில் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அளந்ததையே முழுசாகக் கொடுத்தால் வரிசை மறுபடி நிறுவனத்தின் பெட்டிக்குள் போய்விடும், வேலை செய்யாது. இந்தக் கணக்கைச் செய்ய ரவுட்டரின் சிப்புக்குத் தெம்பு வேண்டும். பழைய சின்ன ரவுட்டர்கள் 100ஐத் தாண்டும்போதே திணறும்.

கோளாறு வைஃபையில் என்றால்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ராத்திரி அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் அதே மூன்றில்தான் கூடும். அவளுடைய மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று. சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே, மைனஸ் 70, 80 என்று போனால் ரவுட்டரைத் தொலைக்காட்சி அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து உயரமாக வை. ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் வாங்காதே. கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். ஒரு கேபிள் இழுத்து அந்த அறையில் இன்னொரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வைப்பது எவ்வளவோ மேல்.

அடிக்கடி இணைப்பே துண்டிக்கிறதா என்பதை எழுதவில்லை. அப்படி இருந்தால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஆப்டிகல் பவர், அதாவது வந்து சேரும் வெளிச்சத்தின் பலம், பார். ஜிபானில் மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதி. சுவர் மூலையில் ஃபைபரை ஆணிக் கிளிப்பால் இறுக்கி மடித்திருந்தால் இழப்பு அங்கேதான்.

சரி, விலை. மாதக் கட்டணத்தை வைத்து ஒப்பிடாதே. 24 மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு கையை விட்டுப் போகிறது என்று கூட்டு: நிறுவும் கட்டணம், ரவுட்டர் வாடகை, வரி, அறிமுகச் சலுகை முடிந்த பிறகு ஏறும் விலை, இடையில் விலகினால் அபராதம். அதைக் கொண்டு, விளம்பர வேகத்தை விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணி வேகத்தோடு பொருத்திப் பார். பக்கத்து வீட்டில் வேறு நிறுவன இணைப்பு இருந்தால் அங்கே ஒரு ராத்திரி கேபிளில் ஓட்டிப் பார்க்கக் கேள். இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஏற்ற வேகம் இறக்கத்துக்குச் சமமாகக் கொடுப்பவருக்கு என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். 'அன்லிமிடெட்' என்பதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரம்பையும் படி: 1000 ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்றால், 300 எம்பிபிஎஸ்ஸை முழுசாக ஓட்டினால் அந்த 1000 ஜிபி ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை எடுக்கும்; தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் மாதம் 630.

300 எதற்கு உதவும் என்றால், பெரிய கோப்புக்கு. 100 ஜிபி விளையாட்டு ஒன்று 100இல் இறங்க இரண்டே கால் மணிக்கு மேல். 300இல் முக்கால் மணி. இரண்டு தொலைக்காட்சியில் 4கே, ஒரு அழைப்பு, நான்கு போன் எல்லாம் சேர்ந்தாலும் 70ஐத் தாண்டுவது கஷ்டம்.

மாடி வீட்டுக்காரரோடு பங்கு போடுவது, முறையாகச் செய்தால் நல்ல யோசனை. நிறுவனத்தின் விதி வீட்டுக்கு வெளியே பகிர அனுமதிக்கிறதா என்று முதலில் பார். பல திட்டங்களில் கூடாது என்றிருக்கும். இணைப்பு உன் பெயரில் இருந்தால் மாடியில் யார் என்ன செய்தாலும் கேள்வி உன்னிடம்தான் வரும் என்பதையும் யோசி. இரண்டும் சரி என்றால், வைஃபை பாஸ்வேர்டைக் கொடுப்பதோடு விட்டுவிடாதே. அங்கே ஒருவர் டோரண்ட் (பலரிடமிருந்து ஒரே நேரத்தில் கோப்பு இறக்கும் முறை) போட்டு ஐம்பது தொடர்பு திறந்தால், தொடர்புக்குத் தொடர்பு சமமாகப் பங்கிடும் முறையில் 51இல் 50 பங்கு அவருக்கு, ஒன்று உன் மகளுக்கு.

அதனால் நுழைவாயிலில் கேக் ஓடும் ஒரு ரவுட்டர். அதிலிருந்து கேபிள் வழியாக உனக்கு ஒரு ரவுட்டர், மாடிக்கு ஒரு ரவுட்டர். கேக்கை ஹோஸ்ட் (இணைந்திருக்கும் கருவி) வாரியாகப் பிரிக்கும்படி அமைத்து, நாட் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். நாட் என்பது உள்ளே இருக்கும் பல கருவிகளை ஒரே வெளி முகவரியில் காட்டும் முறை. சேர்க்காவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அதன் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள். இப்படி வைத்தால் ஒவ்வொரு வீடும் ஒரே ஹோஸ்ட். இருவரும் இழுக்கும்போது ஆளுக்குப் பாதி, ஒருவர் தூங்கினால் முழுவதும் மற்றவருக்கு. வீட்டு ரவுட்டர் இரண்டுக்கும் வெவ்வேறு முகவரி வரிசை கொடு, ஒன்று 192.168.10, இன்னொன்று 192.168.20 என்று. நுழைவாயில் ரவுட்டரின் வரிசையே உள்ளேயும் இருந்தால் இணைப்பு குழம்பும். இரட்டை நாட் வருவதால் சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் முரண்டு பிடிக்கலாம். அவருக்கு அது தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடு.

அந்தத் தாளில் வரும் எண்களை அப்படியே எனக்கு எழுது: மூன்று காலை, மூன்று இரவு, கூடவே அழைப்பு திணறிய நேரத்து இரண்டு பிங். ரவுட்டரின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுது. எஸ்க்யூஎம் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜன்