1362-ல பிரெஞ்சு போகவே இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல இங்கிலீஷ் வளர்ந்த கதைன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, விறுவிறுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1066-ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சாங்க, கூடவே பிரெஞ்சு வந்துச்சு, 1362-ல ஒரு சட்டம் போட்டாங்க, அன்னியோட கோர்ட்ல பிரெஞ்சு ஒழிஞ்சு இங்கிலீஷ் வந்துருச்சுன்னு ஒரே மூச்சுல முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிச்சுது. நான் வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் டைப் அடிச்சவன், 'லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'னு எத்தனை தடவை அடிச்சிருப்பேன்னு கணக்கே கிடையாது, ஒரே உயிலுக்கு எதுக்குய்யா ரெண்டு வார்த்தைன்னு குடைஞ்சுக்கிட்டே இருந்துதான் இந்த விஷயத்தையெல்லாம் படிக்கவே ஆரம்பிச்சேன். வில்ங்கறது அந்த நாட்டோட பழைய வார்த்தை, டெஸ்டமென்ட் லத்தீன்ல இருந்து வந்தது. மார்ட்கேஜ் பழைய பிரெஞ்சு, 'செத்த அடமானம்'னு அர்த்தம். ஜட்ஜ், ஜூரி, அட்டர்னி எல்லாம் பிரெஞ்சு வழிதான். வேடிக்கை என்னன்னா 'லா'ங்கற வார்த்தை மட்டும் பிரெஞ்சு இல்ல, அதுக்கும் முன்னாடி டென்மார்க் பக்கம் இருந்து கப்பல்ல வந்து கிழக்கு இங்கிலாந்துல குடியேறினவங்க கொண்டாந்தது.

சரி 1362-க்கு வருவோம். மூணாம் எட்வர்ட் ராஜா காலம். காரணத்தை அந்தச் சட்டமே சொல்லுது, நாட்டுல ரொம்பப் பேருக்கு பிரெஞ்சு தெரியல, வழக்குல மாட்டினவனுக்கு தன் வக்கீல் என்ன பேசறாரு, எதிராளி வக்கீல் என்ன பேசறாருன்னே விளங்கல, அதனால இனிமே வாதமெல்லாம் இங்கிலீஷ்ல நடக்கட்டும், ரெக்கார்டு லத்தீன்ல இருக்கட்டும்னு. நல்ல விஷயம்தானே, ஆனா இந்தச் சட்டத்தை எந்த பாஷைல எழுதி வச்சாங்கன்னு நினைக்கறீங்க? பிரெஞ்சுல! கட்டுரைல இதைச் சொல்லாம விட்டதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அப்புறமும் வக்கீலுங்க லேசுல விட்டாங்களா என்ன. வழக்குக் குறிப்பெல்லாம் தொகுத்த இயர் புக்ஸ் 1535 வரைக்கும் பிரெஞ்சுலதான் ஓடுச்சு, 15-ம் நூற்றாண்டுல லிட்டில்டன்ங்கற ஜட்ஜ் நில உரிமைச் சட்டத்துக்கு எழுதின புத்தகமும் பிரெஞ்சுதான். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்னு கோர்ட்ல பல தலைமுறையா கெட்டியாப் போனதை மாத்தினா கேஸே கவுந்துரும்னு பயம் இருந்திருக்கும், வெளியாளுக்குப் புரியாம இருந்தா ஃபீசுக்கும் நல்லதுதானே, இது என் சொந்த அபிப்பிராயம், வக்கீல் நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

ஆனா அந்த பிரெஞ்சு போகப் போக என்ன கதி ஆச்சுன்னு பாருங்க. 1631-ல சாலிஸ்பரி ஊர்ல விசாரணை, தண்டனை விழுந்த கைதி ஒருத்தன் ஆத்திரத்துல ஜட்ஜ் ரிச்சர்ட்சன் மேல ஒரு செங்கல் துண்டை விட்டெறிஞ்சான், மயிரிழைல தப்பிச்சாரு. அதைக் குறிச்சு வச்ச வரி இப்படி இருக்கு: 'ஜெக்ட் அன் பிரிக்பேட் ஆ லெ டிட் ஜஸ்டிஸ் கெ நேரோலி மிஸ்ட்'. பிரிக்பேட்டும் இங்கிலீஷ், நேரோலி மிஸ்ட்டும் இங்கிலீஷ், நடுவுல ஒட்டுப் போட்ட மாதிரி நாலு பிரெஞ்சு வார்த்தை! படிச்சுட்டு சிரிச்சேன், அடுத்த வரில சிரிப்பு நின்னு போச்சு, அவனோட வலது கையை வெட்டி தூக்குமரத்துல மாட்டி, அங்கயே கோர்ட் கண்ணு முன்னாடி அவனையும் தூக்குல போட்டுட்டாங்க.

ராஜாவே இல்லாம இருந்த கிராம்வெல் காலத்துல 1650-ல சட்டமெல்லாம் இங்கிலீஷ்லதான்னு மாத்திப் பாத்தாங்க, 1660-ல ராஜா திரும்பி வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியா 1731-ல பார்லிமென்ட்ல சட்டம் போட்டு 1733-லதான் கோர்ட் எழுத்து வேலை இங்கிலீஷ்க்கு வந்துச்சு. 1362-ல இருந்து கணக்குப் போட்டா 371 வருஷம்.

இன்னொன்னு, ஊர் ஜனம் இதையெல்லாம் வாய மூடிட்டுப் பாத்துட்டு இருந்த மாதிரி எழுதிட்டாங்க, அப்படி இல்ல. 1348-49-ல பிளேக் வந்து ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கும் மேல போயிருச்சு, வேலைக்கு ஆள் இல்ல, கூலி ஏறுச்சு, உடனே 1351-ல பிளேக்குக்கு முன்னாடி இருந்த கூலிக்கு மேல யாரும் வாங்கக் கூடாதுன்னு சட்டம். 1381-ல தலைவரி தலைக்கு மேல போனதும் குடியானவங்க கிளம்பிட்டாங்க, போன ஊர்லயெல்லாம் பண்ணையாருங்க நடத்தின கோர்ட்டோட பதிவுச் சுருளையெல்லாம் தேடித் தேடிக் கொளுத்துனாங்க. நீ இந்தப் பண்ணைக்கு அடிமைக் குடின்னு அவனுக்கே புரியாத லத்தீன்ல எழுதி வச்ச சுருள் அதுதான், கொளுத்தாம என்ன பண்ணுவான். கேம்பிரிட்ஜ் சந்தைல யுனிவர்சிட்டி பத்திரங்களைக் கொளுத்தினப்ப மார்ஜரி ஸ்டார்னு ஒரு கிழவி அந்தச் சாம்பலை அள்ளிக் காத்துல தூத்தி, ஒழியட்டும் இந்தப் படிச்சவனுங்க வித்தைன்னு கத்தினதா சொல்வாங்க.

பள்ளிக்கூடத்துல மட்டும் சீக்கிரமே மாறிருச்சு. ட்ரெவிசான்னு ஒரு பாதிரியார் 1385-ல எழுதறாரு, இப்பல்லாம் பசங்க பிரெஞ்சை விட்டுட்டு இங்கிலீஷ் வழியாத்தான் லத்தீன் இலக்கணம் படிக்கறாங்க, சீக்கிரம் வந்துருது, ஆனா இவனுங்களுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு இவனுங்க இடது குதிகாலுக்குத் தெரிஞ்ச அளவுதான்னு. 640 வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அந்தக் குதிகாலை நினைச்சா சிரிப்பு வருது.

அப்புறம் மேய்க்கறவன் வாய்ல கௌ, திங்கறவன் வாய்ல பீஃப்னு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. கௌ பழைய இங்கிலீஷ், பீஃப் பிரெஞ்சு, வார்த்தைங்க பிறந்த இடம் சரிதான், ஆனா அது 1819-ல வால்டர் ஸ்காட் நாவல்ல எழுதினதாலதான் அவ்வளவு பிரபலம், அந்தக் காலத்து எழுத்துல உயிரோட மேயற ஆட்டையும் மட்டன்னு சொல்லியிருக்காங்க, இப்படி மிருகத்துக்கு ஒண்ணு கறிக்கு ஒண்ணுன்னு சுத்தமாப் பிரிஞ்சது ரொம்பப் பின்னாடி.

பெட்டிச் செய்தியை விட்டாலும் விடுங்க, கோர்ட் விஷயத்துக்கு மட்டும் அடுத்த வாரம் ஒரு வரி திருத்தம் போட்ருங்க, 1362 இல்ல, 1733-ன்னு.

இப்படிக்கு,
ஒரு பழைய டைப்பிஸ்ட்