மூன்று மாதத்தில் மாறிய எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்று வாதாடிய கட்டுரையைப் படித்தேன். 'துருக்கி மூன்றே மாதத்தில் மாற்றிக்கொண்டது, நம்மால் முடியாதா?' என்ற கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. மதுரையில் முப்பத்தொரு வருடம் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் நான். எழுத்தை மாற்றுவது என்று யார் பேச்செடுத்தாலும் எனக்குக் கைவிரல்தான் முதலில் குறுகுறுக்கும்.

மூன்று மாதம் என்பது உண்மைதான். 1928 ஆகஸ்ட் 9 இரவு இஸ்தான்புல் சராய்புர்னு பூங்காவில் அன்றைய துருக்கி அதிபர் முஸ்தபா கமால் பாஷா, அதுவரை இருந்த அரபு எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தைப் போன்ற லத்தீன் எழுத்தைப் புது எழுத்தாக அறிவித்தார். நவம்பர் 1-ல் சட்டம் வந்தது. டிசம்பரில் பத்திரிகைகள் மாறின. 1929 ஜனவரி 1 முதல் எந்தப் புத்தகமும் அரபு எழுத்தில் அச்சாகக் கூடாது என்றாகிவிட்டது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தையே கோத்துப் பழகிய கைகளுக்கு அந்தக் குளிர்காலம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1978-ல் நம் அரசு மாற்றியது 13 எழுத்துதான். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் யானைத் தும்பிக்கைபோல் இருந்த பழைய வளைவு போய்ச் சாதாரண இணைக்கொம்பு வந்தது, ணா, றா, னா வரிசையில் சுழி போய்ச் சாதாரணக் கால் வந்தது, அவ்வளவுதான். அதற்கே பல மாதம் என் கை எழுத்துப் பெட்டியின் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்தது. புரூஃபில் சிவப்பு மை நிறைந்து வரும்.

துருக்கியர் காரணமில்லாமல் மாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மொழியில் உயிரொலி எட்டு. அரபு எழுத்தில் அதைக் காட்ட வழி போதாது. 'ஒல்து' என்றால் 'ஆனான்'. அதையே உதட்டைக் குவித்துக்கொண்டு எகரம் கலந்து சொன்னால் 'இறந்தான்'. பழைய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் பாஷா (உயர் பட்டம் பெற்றவர்) ஆனாரா, செத்தாரா என்று முன்பின் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், 1927 கணக்கெடுப்பின்படி படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம்தான். மீதித் தொண்ணூறு பேருக்கு எந்த எழுத்தும் புது எழுத்துதான். ஆண், பெண் இருவருக்கும் ஊர் ஊராக மக்கள் பள்ளிகள் திறந்தார்கள். 1935-ல் படித்தவர் தொகை நூற்றுக்கு இருபதானது. வயதான பெண்கள் கரும்பலகை முன் உட்கார்ந்து படித்த அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

ஆனால் நமக்கு அந்த நோயே இல்லை. ஒ, ஓ, எ, ஏ எல்லாவற்றுக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்து இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால்தான் 'பல்லி' எது, 'பள்ளி' எது என்று தேட வேண்டி வரும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு பக்கத்தை நான் நேரில் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முன் சுற்றுலாக் குழு ஒன்றில் இஸ்தான்புல் போயிருந்தேன். கூட வந்தவர் கீழக்கரை நண்பர். அவருடைய பாட்டி அரபுத்தமிழ்ப் புத்தகம், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் புத்தகம், படித்தவர். எயூப் மேட்டில் கல்லறைகள் சரிவு முழுக்க நிற்கின்றன. ஆண்களின் கல்லுக்குத் தலைப்பாகையோ ஃபெஸ் தொப்பியோ செதுக்கியிருக்கும், பெண்களின் கல்லில் பூ. ஒரு கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று வழிகாட்டிப் பையனைக் கேட்டேன். இஸ்தான்புல்லிலேயே பிறந்து பட்டம் படித்தவன். 'எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா' என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நண்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாசியைத் துடைத்தார். மேல்வரி அரபு: 'ஹுவல் பாகீ', அவனே நிலைத்திருப்பவன். கடைசி வரியைத் தடுமாறி 'ரூஹ்... ஃபாத்திஹா' என்றார். ஃபாத்திஹா என்பது குர்ஆனின் முதல் அத்தியாயம். பையன் சட்டென்று நிமிர்ந்து, 'ருஹுனா ஃபாத்திஹா! அவர் ஆன்மாவுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்' என்றான். எழுத்து தெரிந்தவருக்கு மொழி தெரியவில்லை. மொழி தெரிந்தவனுக்கு எழுத்து தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனிதருக்காக ஓதினார்கள். நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எழுத்தோடும் அது நிற்கவில்லை. 1932-ல் மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்தார்கள். 'மெக்தெப்' போய் 'ஒகுல்' வந்தது, 'முஅல்லிம்' போய் 'ஒய்ரெத்மென்' வந்தது. கமால் பாஷா 1927 அக்டோபரில் ஆறு நாள், 36 மணி நேரத்துக்கு மேல் பேசிய 'நுதுக்' உரை முதலில் பழைய எழுத்தில்தான் அச்சானது. அந்த உரையையே பின்னால் இன்றைய துருக்கியில் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. நாட்டை உண்டாக்கியவரின் பேச்சையே பேரப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள். என் பேத்தியோ 1950-களில் அச்சான புத்தகத்தைக் கொடுத்தால் தும்பிக்கை எழுத்தில் ஒரு நொடி திணறிவிட்டு மேலே படித்துவிடுகிறாள்.

அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் துருக்கியின் இந்தப் பக்கத்தையும் எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

நண்பர் எடுத்த அந்தக் கல்லின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் உள்ள நான்கு வரிகளை அன்று எங்களால் படிக்க முடியவில்லை. புதைந்திருப்பவரின் பெயர் அதில்தான் இருக்க வேண்டும். உங்கள் வாசகர்களில் பழைய துருக்கி படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக் கோப்பாளர்,
மதுரை.